மூன்றாம் குழித் தண்ணீர்

குளத்துக்கு வாய் கிடையாது என்பதால் அதற்காகப் பேசும் பொறுப்பைப் பொன்னுமணி எடுத்துக்கொண்டிருந்தாள். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, மலைச்சரிவில் இருந்தது அவர்களுடைய ஏலத்தோட்டம். தோட்டத்தின் தலைமாட்டில் மண்ணைத் தோண்டி, கனத்த படுதா விரித்து, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். தை பிறந்துவிட்டால் மழை கைவிட்டுவிடும். அதன்பிறகு செடிகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் படுதாக் குளத்தை நம்பித்தான். இன்றைக்கு எந்த வரிசைக்கு விடலாம், எந்த வரிசை இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று, சோறு வடிக்கும்போதுகூட அவள் மனசு யோசித்துக்கொண்டிருக்கும். அவள் கணவன் ஈஸ்வரன் கால் கழுவக்கூட அந்தப் பக்கம் போகமாட்டான்.

அதனால்தான், லாரியோடு போர்க்கிணறு போட வந்த அருள்பாண்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குளத்தை எட்டிப் பார்த்து, "பரவால்லையே, தாராளமாக் கெடக்கே தண்ணி" என்றபோது அவள் குளத்துக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எதுக்குக் கேக்குறீக?"

"கேக்கலக்கா. சும்மா பாத்தேன்."

"பாக்குறது எதுக்கு?"

அருள்பாண்டி தலையைச் சொறிந்தான். விஷயம் இதுதான். காலையில் எலுமிச்சம்பழம் நறுக்கிச் சாமி கும்பிட்டு, லாரியில் இருக்கும் இயந்திரத்தை முடுக்கியாயிற்று. பாறையாக இருந்தால் காற்றை அடித்தே துளைத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் மேலே முழுக்கப் பொலபொலவென்ற மண். துளை போட்டுவிட்டுக் கம்பியைத் தூக்கினால் பக்கச்சுவர் சரிந்து மூடிக்கொள்கிறது. பாறையைத் தொட்டு இரும்புக் குழாயை இறக்கும்வரை, களிமண் கரைத்த தண்ணீரைத் துளைக்குள் விடாமல் ஊற்றினால்தான் அந்தச் சுவர் நிற்கும்.

"எம்புட்டு ஊத்தணும்?" என்று கேட்டான் ஈஸ்வரன்.

"கொளம் இருக்குல்லண்ணே, பாத்துக்குவோம்."

"உள்ள ஊத்துனது என்ன ஆகும்?" என்றாள் பொன்னுமணி.

"மண்ண அள்ளிக்கிட்டு மேல வரும். இந்தா, சரிவுல அப்பிடியே எறங்கிப் போயிரும். சமதளமா இருந்தா குழி வெட்டித் தேக்கலாம். இங்க எங்கிட்டு வெட்ட?"

"நல்லாருக்குதே! கையில இருக்குற தண்ணியக் குழியில ஊத்திட்டு, இருக்கா இல்லையான்னு தெரியாத தண்ணிய எடுக்கப் போறீகளா?"

நாளைக் காலையில் லாரி மலையிறங்கிவிடும். அதற்கப்புறம் இந்தக் கோடை முழுக்க அதற்கு வேறு தோட்டங்களில் வேலை. போர் வேண்டாம் என்றால் இனி வரும் கோடைகளிலும் இதே குளம்தான். வேண்டும் என்றால் இந்தக் கோடைக்குக் குளம் இருக்காது. பங்குனி வெயில் இப்போதே இலைகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள் முத்துப்பிரியா. ஈஸ்வரனின் தங்கச்சி. தலை சீவாமல், அண்ணனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் டீ பிளாஸ்க்கோடு வந்தாள். ராஜஸ்தான் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் பொறியாளர். விடுமுறைக்கு வந்தவள் தினமும் பத்து மணிவரை தூங்குவாள். அங்கே என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பொன்னுமணியின் மாமியார், "பெட்ரோல் கம்பெனியில பெரிய வேலை" என்று முடித்துவிடுவாள். பிரியா மட்டும், "சேத்துல இருந்து தண்ணி பிரிக்கிற வேலை" என்று உண்மையைச் சொல்லுவாள். அதைக் கேட்டவர்கள் பாவமாகப் பார்ப்பார்கள்.

விவரத்தைக் கேட்டுவிட்டு அவள் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சரிவைக் கீழே வரை பார்த்தாள். தூக்கக் கலக்கம் போய் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டதைப் பொன்னுமணி கவனித்தாள்.

"அண்ணே, வெளிய வர்ற தண்ணிய ஏன் கீழ விடணும்? திருப்பி எடுத்துக்கலாம்."

அருள்பாண்டி சிரித்தான். "சேறாப் போன தண்ணிய எடுத்து என்ன பாப்பா செய்ய? பொங்க வைக்கவா?"

"நாங்க அங்க அதத்தான் செய்றோம். கெணறு தோண்டக் கலக்குற சேறு பூரா முன்னாடி குழியில கொட்டிருவாக. புதுசாத் தண்ணி லாரி லாரியா வரும். இப்ப கல்லைச் சலிச்சு, மண்ணப் பிரிச்சு, தண்ணியத் திரும்பவும் கெணத்துக்கே விடுறோம்."

"அங்க மெஷின் இருக்கும்."

"இங்க சரிவு இருக்கே. மேல ஒன்னு, அதுக்குக் கீழ ஒன்னு, அதுக்கும் கீழ ஒன்னு. படிப்படியா மூணு குழி. முதக் குழியில மணல் தங்கும், ரெண்டாவதுல வண்டல் தங்கும். மூணாவதுல தெளிஞ்ச தண்ணிய மோட்டார் வச்சு மேல ஏத்துனா முடிஞ்சது."

எல்லோரும் பொன்னுமணியைப் பார்த்தார்கள். குளத்தின் சார்பில் அவள்தானே பேச வேண்டும்.

"இந்தக் கறுப்புத் தொட்டி ஒன்னு நெறையத் தண்ணி தர்றேன்" என்று லாரிப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினாள். "அதுக்கு மேல ஒரு சொட்டு கேக்கக் கூடாது. கேட்டா லாரியச் சாவியோட பிடுங்கிக்குவேன்."

"அக்கா செஞ்சாலும் செய்யும்" என்றபடி அருள்பாண்டி மண்வெட்டியை எடுத்தான்.

வேலை சூடுபிடித்தது. குழிகளை வெட்டி, கிழிந்த படுதாத் துண்டுகளை விரித்தார்கள். முதல் குழியின் வாயில் வைக்கச் சல்லடை வேண்டும் என்றாள் பிரியா. ஏலக்காயைப் பருமன் வாரியாகச் சலிக்கும் சல்லடைகள் காய் உலர்த்தும் ஸ்டோரில் வரிசையாகத் தொங்கின. அதில் தூசி போக்கும் பொடிச் சல்லடையை எடுத்ததும், தோட்டத்தில் வேலை செய்யும் அய்யம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடியே, காய் சலிக்கிறதுல மண்ணையா சலிக்கப் போற? ஏலத்துக்குக் கொண்டுபோற காயில நாளைக்கு நறநறன்னு வந்தா, போடியில நம்ம பேரு நாறிப்போகும்."

"கழுவித் தந்துருவேன் அத்தை."

"எந்தத் தண்ணியில கழுவுவ? ஒங்க மதினி தருவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள், பொன்னுமணியும்தான். ஆனால் சிரித்து முடித்தபின் உள்ளே ஏதோ ஒன்று முள்ளாய் உறுத்தியது. அவள் கல்யாணமாகி வந்தபோது பிரியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நிற்கச் சொன்னால் நிற்காத பிள்ளை. ஓடிக்கொண்டே சடை பின்னவிடும். இன்று அந்தப் பிள்ளை கையை நீட்டினால் ஈஸ்வரன் ஓடுகிறான். அருள்பாண்டி கேலி பேசிக்கொண்டே சொன்னபடி செய்கிறான். தோட்டம் தன்னுடையது, குளம் தன்னுடையது. தன்னிடம் கேட்டதெல்லாம் டீ டம்ளர் எங்கே என்பது மட்டும்தான். பொறாமையா என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தாள். பொறாமை இல்லை. பிரியாவை நினைத்தால் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே, விருந்து வீட்டில் பந்திக்குக் கூப்பிடாமல் உட்காரவைத்ததுபோல் இன்னொன்றும் இருந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

பாலைக் கலந்ததுபோல் சேற்றுத் தண்ணீர் துளையிலிருந்து பொங்கிச் சல்லடையில் விழுந்தது. மணல் தங்கியது. இரண்டாம் குழியில் வண்டல் அடியில் படிந்தது. மூன்றாம் குழிக்கு வந்த தண்ணீர் மட்டும் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"கொஞ்ச நேரம் அசையாம கெடந்தா தெளிஞ்சிரும்" என்றாள் பிரியா. "அதுக்குள்ள சாப்ட்ருவோம். தொட்டியில மிச்சம் இருக்குறத அதுவரைக்கும் மெதுவா ஊத்திக்கிட்டு இருக்கட்டும்."

எல்லோரும் ஸ்டோர் நிழலுக்குப் போனார்கள். பொன்னுமணி மூன்றாம் குழிக்கரையில் நின்றாள். மேலே லேசாக வெளுத்ததைத் தவிரத் தெளிகிற அறிகுறி தெரியவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். கலங்கல்தான்.

அவளுக்கு ஸ்டோரில் இருக்கும் பெரிய அண்டா ஞாபகத்துக்கு வந்தது. பறித்து வந்த பச்சைக் காயை உலர வைக்குமுன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பார்கள். உலர்ந்தபின்னும் காய் பச்சை மாறாமல் இருக்கும். மழைக்காலத்தில் மண் தெறித்து அழுக்காக வரும் காய்கூட அந்த அண்டாவிலிருந்து பளிச்சென்று எழுந்து வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். சோடாவுக்கு அழுக்கு பயப்படும். காயை விட்டு ஓடுகிற மண், தண்ணீரை விட்டு மட்டும் ஓடாமலா இருக்கும்?

யாரையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் செய்வதில்தான் அதன் ருசியே இருந்தது. போய்ப் பையோடு தூக்கி வந்தாள். முதலில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். பிறகு, ஆகிற காரியம் சீக்கிரம் ஆகட்டும் என்று மிச்சத்தையும் கொட்டி, ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்து ஈஸ்வரன், "என்ன, தனியாச் சிரிக்கிற?" என்று கேட்டான். "ஒன்னுமில்ல, கொழம்பு நல்லாருக்கு" என்றாள். குழம்பில் உப்பே இல்லை.

திரும்பி வந்தபோது மூன்றாம் குழி அப்படியே இருந்தது. அப்படியே என்றும் சொல்ல முடியாது. முன்பு மேலே கொஞ்சமாவது வெளுத்திருந்தது, இப்போது மேலிருந்து அடிவரை ஒரே சீராகக் கடைந்த டீயாக நின்றது.

பிரியா குழிக்கரையில் குந்தி உட்கார்ந்தாள். டம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாப்பா, தொட்டி அடியத் தொட்ருச்சு" என்று மேலேயிருந்து கத்தினான் அருள்பாண்டி. "ஊத்துறத நிப்பாட்டுனா துளை சரிஞ்சிரும். பண்ணுன சோலியெல்லாம் வீணு. பாறை கிட்டத்துல இருக்கு, கம்பி சத்தமே மாறிருச்சு. என்ன செய்ய?"

பிரியா டம்ளர் தண்ணீரைக் குழியிலேயே ஊற்றினாள்.

"சரி விடு. பொஸ்தகத்துல எல்லாம் தெளியும். மலைமேல தெளியாது." அவன் குழாயின் நுனியை எடுத்துக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தான். ஈஸ்வரன் மனைவியின் பக்கம் திரும்பி, "குடுத்துருவோம் பொன்னு. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு" என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது.

"எங்க தப்பு விட்டேன்னு தெரியல மதினி" என்றாள் பிரியா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அங்கன்னா மருந்து போட்டுத் தெளிய வைப்போம். இது சாதா மண்ணு, தானாத் தெளியும்னு நெனச்சேன். எம்பேச்சக் கேட்டு ஒங்க கொளம் போகுது."

பொன்னுமணி மூன்றாம் குழியைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். சோடா கரைந்துவிட்டது, பையைச் சுருட்டி ஸ்டோர் மூலையில் போட்டாயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னாலோ அய்யம்மாளுக்கு அடுத்த வருஷச் சித்திரைத் திருவிழா வரை வாய்க்கு அவல் கிடைத்துவிடும். ஜீப்பில் ஏறுகிறவன் இறங்குகிறவனுக்கெல்லாம் கதை போகும். ஆனால் இந்தப் பிள்ளை, ஓடிக்கொண்டே சடை பின்னவிட்ட பிள்ளை, இன்று தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"ஏய் அருள்பாண்டி! குழாயக் கீழ போடு!" என்று போட்ட சத்தத்தில் அவன் நிஜமாகவே கீழே போட்டுவிட்டான். "அவ மேல ஒரு தப்பும் இல்ல. அதுல நாந்தான் சோடாவக் கொட்டுனேன்."

"என்ன சோடா?" என்றான் ஈஸ்வரன்.

"காய்க்குப் போடுற சோடா."

அய்யம்மாள், "ஏன் ஆத்தா, சேறு பச்சையா இருக்கணும்னு ஆசைப்பட்டியாக்கும்?" என்று கேட்டாள். அருள்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரி டயரில் சாய்ந்துவிட்டான்.

பிரியா சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்து பொன்னுமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எம்புட்டு மதினி? எம்புட்டுப் போட்டீக?"

"பிரிச்ச பை ஒன்னு இருந்துச்சு. பூராத்தையும்."

"பூராத்தையுமா!" இப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டும் அளவுக்கு வந்தது. "அப்ப எனக்கு ஒன்னும் மறந்து போகல. சோடா விழுந்தா களிமண் பொடி ஒன்னோட ஒன்னு ஒட்டாது மதினி. தனித்தனியா மெதந்துக்கிட்டே இருக்கும். ஒரு வாரம் ஆனாலும் படியாது. காயில ஒட்டுன மண்ணக் கழட்டிவிடும், தண்ணியில கெடக்குற மண்ணப் படியவிடாது. ஸ்டோர்ல சுண்ணாம்பு இருக்கா?"

இல்லாமல் எப்படி? அழுகல் நோய்க்கு மயில்துத்தத்தோடு சேர்த்து அடிக்கிற சுண்ணாம்பு மூட்டையாகவே இருந்தது.

"கொண்டா அண்ணே, வெரசா! துத்தம் கலக்காத மூட்டையாப் பாத்துக் கொண்டா. மதினி, டீ டம்ளரெல்லாம் எடுத்துட்டு வாங்க."

அவள் டம்ளர்களைக் கரையில் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் மூன்றாம் குழித் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். சுண்ணாம்பைக் கரைத்து முதலாவதில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போனாள். பொன்னுமணி பக்கத்திலேயே குந்திக்கொண்டு கலக்கினாள். முதல் டம்ளர் மாறவில்லை. நடு டம்ளரில், எலுமிச்சம்பழம் பிழிந்த பால்போல் தண்ணீர் திரிந்தது. சின்னச் சின்னத் திப்பிகள் உருண்டு திரண்டு, ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டு, மெல்ல அடியில் இறங்கின. மேலே தெளிவு விரல் அகலத்துக்கு வந்தது. பிறகு இரண்டு விரல்.

"அய்யோ, எறங்குதுடி!" என்றாள் பொன்னுமணி. சின்னப்பிள்ளைபோல் கத்திவிட்டோம் என்று பிறகுதான் உறைத்தது.

அந்த அளவை வைத்துக் குழிக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார்கள். அருள்பாண்டி இதற்குள் பம்பை அடக்கி, துளையில் இருக்கிற தண்ணீர் இறங்காமல் சொட்டுச் சொட்டாக விட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான். "இன்னும் எம்புட்டு நேரம்? எங்கையில ஒன்னுமில்ல!" என்று நிமிஷத்துக்கொரு தரம் கத்தினான். கீழ்த் தோட்டத்து மலையாளச் சேட்டன் வேலியோரம் வந்து நின்று, "எந்தா சேச்சி, பாயசமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். தொட்டியில் இருந்த கடைசி வாளியும் போனபோது மூன்றாம் குழியின் மேல்பாகம் கண்ணாடியாக இல்லாவிட்டாலும் இளநீர் அளவுக்குத் தெளிந்திருந்தது. மோட்டார் உறிஞ்சியது. தண்ணீர் மேலே ஏறியது.

"நிப்பாட்டுண்ணே, அப்பிடியே துளைக்குள்ள விட்ராத" என்று ஓடினாள் பிரியா. "இதுல சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். புதுக் களிமண்ணக் கரைச்சா தயிரு மாதிரி கட்டிப்போகும். அதுக்கு மொதல்ல..." அவள் நின்றாள். திரும்பிப் பொன்னுமணியைப் பார்த்தாள். "அதுக்கு மொதல்ல சோடா போடணும்."

"எதப் போடணும்?"

"சோடா மதினி! சுண்ணாம்ப முறிக்க. அங்க நாங்க மூட்டை மூட்டையா வாங்குற சரக்கே அதுதான். நீங்க போட்டது சரியான மருந்து. குழிதான் மாறிப்போச்சு. அத மேல, களிமண்ணு கலக்குற தொட்டியில போட்டிருக்கணும்."

"பாத்தீகளா!" என்று பொன்னுமணி எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். "மருந்து சரியாம்!"

"அடேங்கப்பா" என்றான் அருள்பாண்டி. "அப்ப இனிமே இந்தப் பாப்பா மேடம். அக்கா, மேடத்துக்கு மேடம்."

ஸ்டோரில் இருந்த இன்னொரு பையைப் பிரித்து, கலக்குகிற தொட்டியில் சோடா போடும் வேலை அவளுக்கு வந்தது. இந்த முறை பிரியா காட்டிய அளவுக்கு ஒரு இணுக்குக்கூட மேலே போகவில்லை. சுற்றுகிற சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. காலையிலிருந்து உறுத்தியது, தன்னைக் கேட்கவில்லை என்பதல்ல. தானும் கேட்கவில்லை. எத்தனை விடுமுறைக்கு இந்தப் பிள்ளை வந்து போயிருக்கிறது. சேற்றில் அப்படி என்னடி செய்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டிருந்தால், சொல்லாமலா இருந்திருப்பாள்?

வெயில் சாய்வதற்குள் கம்பி பாறையைத் தொட்டது. இரும்புக் குழாயை இறக்கினார்கள். சுவர் இனிச் சரியாது. அதற்கப்புறம் அருள்பாண்டி காற்றைத் திறந்துவிட, பாறைப்பொடி வெள்ளைப் புகையாக எழும்பி எல்லோருக்கும் பவுடர் அடித்தது. ஈஸ்வரனுக்குப் புருவம்கூட நரைத்துவிட்டது. அய்யம்மாள், "மாப்ள முறுக்கெல்லாம் போச்சே" என்றாள். நெடுநேரம் புகைதான். பொன்னுமணி புகையைப் பார்க்காமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர் பொய்த்தாலும் பொய்க்கட்டும், இது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் காது துளைப்பக்கமே இருந்தது.

புகை மெல்லக் கனத்தது, ஈரமாகியது. பிறகு செருமுவதுபோல் ஒரு சத்தம். அழுக்குத் தண்ணீர் மேலே எழுந்து சரிந்தது. ஆளுயரத்துக்கு மேல் போகவில்லை. "பெரிய கங்கையெல்லாம் இல்லண்ணே" என்றான் அருள்பாண்டி, நனைந்த தலையைத் துவட்டியபடி. "ஒன்றரை இஞ்சுத் தண்ணி வரும். செடிக்குப் போதும்." ஈஸ்வரன் தங்கச்சியைக் கட்டிக்கொள்ளப் போய், கூச்சப்பட்டு, அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டான்.

குழிகளில் மிஞ்சிய சேற்றை ஓடையில் தள்ளிவிடலாம் என்றபோது பிரியா விடவில்லை. சுண்ணாம்பு காரம் மீனையும் செடியையும் கெடுக்கும். படுதாவிலேயே கிடந்து காயட்டும், காய்ந்தபின் ஜீப் தடத்துப் பள்ளத்தை மூடலாம் என்றாள். "மண்ணும்கூடச் சோலி பாக்கணுமா ஒங்கிட்ட?" என்று அய்யம்மாள் சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

லாரிக்காரர்கள் சோறு வைக்க அடுப்பு மூட்டினார்கள். பொன்னுமணி குளத்துக்குப் போய் வால்வில் கையை வைத்தாள். கிழக்கு வரிசை நாலு நாளாகக் காத்திருந்தது. நாளைக்கு விடலாம் என்று வைத்திருந்த வரிசை. அதற்கும் கீழே, வாடினால் வாடட்டும் என்று அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கைவிட்டிருந்த ஓரத்துச் செடிகள். இரண்டுக்கும் சேர்த்துத் திறந்தாள்.

பிரியா வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் பாறைப்பொடி காய்ந்து வெடித்திருந்தது.

"ஏன்டி, அங்க பாலைவனத்துல, ஒங்களுக்கு வந்த லாரித் தண்ணியெல்லாம் எங்கருந்து வந்துச்சு?"

"ஊருக் கெணத்துல இருந்து மதினி. தூரத்துல கிராமம் இருக்கு."

"இப்ப?"

"இப்ப ரொம்பக் கொறச்சிட்டோம்."

பொன்னுமணி குளக்கரையில் உட்கார்ந்தாள். அந்த ஊர்க் கிணற்றுக்காக வாய் பேசுகிற ஒருத்தி அங்கே இருப்பாள். அவளுக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது. தெரியாமலே, ஒரு நாள் சாயங்காலம் கயிற்றை இழுக்கும்போது, வாளி முன்பைவிடச் சீக்கிரம் கைக்கு வந்திருக்கும்.

"அந்தக் கல்லச் சலிக்கிறது எப்பிடின்னு சொல்லு" என்றாள். "மொதல்லருந்து சொல்லு. எனக்கு வெளங்குற மாதிரி."

பிரியா சப்பணம் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கீழே ஓரத்துச் செடிகளின் தூரில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. காய்ந்த சருகுகள் சலசலவென்று நகர்ந்தன. பொன்னுமணி வால்வை மூட எழுந்திருக்கவில்லை.